தாண்டும், தாண்டலாம்

ஜூன் 19

நாற்பத்தைந்துதான் இருக்கிறது. ஒரு நட்டைக் காணோம்.

மழைக்கு முன்னால் எங்கள் ஆற்று மணல் திட்டில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒவ்வொரு சுவராகத் தளர்த்தி, போல்ட்டையும் நட்டையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துரு போக்கி, மறுபடி முடுக்குவது. துருப்பிடித்த நட்டு வெள்ள நேரத்தில் கழலாது. அப்புறம் வீட்டை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு ஓட வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்கு நாலு தகரச் சுவர், இரண்டு கூரை, நாற்பத்தாறு போல்ட்டு. மகள் தூபா எண்ணக் கற்றதே இவற்றை வைத்துத்தான். மூன்றரை வயதுக்கு நாற்பத்தாறு வரை எண்ணுகிறாள். "அதுக்கப்புறம் என்ன?" என்று கேட்டால் "வீடு!" என்பாள்.

இன்று என் கணவர் ரெஸ்வான் ஒரு சுவரின் நட்டுகளை முறத்தில் பரப்பிவிட்டு நிலக்கடலையைக் கிளறிவிடப் போனார். திரும்பி வந்து மாட்டினால் ஒன்று குறைகிறது. முழுங்கிவிட்டாளா? வாயைத் திறந்து பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். "முழுங்கினியா?" என்றால் ஆமாம் என்று தலையாட்டுகிறாள். "முழுங்கலைதானே?" என்றால் அதற்கும் ஆமாம்.

ஜொபேதா பாபி, ரெஸ்வானின் அண்ணன் மனைவி, அடுத்த வீட்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு நாள் பொறு. உள்ள போனது வெளிய வந்துதானே ஆகணும். ஆத்துக்கும் பிள்ளைக்கும் ஒரே சட்டம்."

நாளையிலிருந்து மூன்று நாள் ஆபீசில் எனக்கு முறை. இந்தக் கவலையோடு எப்படிப் போவது? பாபியின் மகள் மொனிராவிடம் சொல்லியிருக்கிறேன், தூபா ஒவ்வொரு முறை உட்காரும்போதும் குச்சியால் கிளறிப் பார்க்கச் சொல்லி. பதினொரு வயதுப் பெண். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒப்புக்கொண்டாள்.

ஜூன் 20

வெள்ள எச்சரிக்கை அறை. ஒரு மின்விசிறி, ஒரு போன், ஈரச் சுவர், நான்.

வெளியே சொன்னால் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். எல்லைக்கு மேலே அவர்கள் அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று ஓர் எண் வரும். அதை இந்தப் பக்கத்து தீஸ்தா ஆற்றுக்குக் கணக்கிட்டு, கரையூர்களுக்கும் திட்டுகளுக்கும் போனில் ஒரு வரி அனுப்ப வேண்டும். நான் ரங்பூரில் புவியியல் படித்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அதிலும் மாறுவது கடைசிச் சொல் மட்டும். நீர் சிவப்புக் கோட்டைத் தாண்டாது. தாண்டலாம். தாண்டும்.

அந்தப் பக்கம் எண் சொல்பவர் சுபிமல் பாபு. நாலு வருடமாகப் பேசுகிறோம், முகம் தெரியாது. அவர் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால். என்னை ‘திதி’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். இன்றும் அதே கிண்டல்: "திதி, நீங்க எனக்கு அரை மணி நேரம் முன்னாடி இருக்கீங்க. அங்க தண்ணி வந்துருச்சான்னு பாத்துச் சொல்லுங்க, நான் இங்க திறந்து விடறேன்."

ஜூன் 22

இன்னும் வரவில்லையாம். நட்டு.

ஜூலை 8

மதியம் சுபிமல் பாபு சொன்ன எண் நான் இதுவரை கேட்டிராதது. முறையான கடிதம் பின்னால் வரும் என்றார். காத்திருக்கத் தோன்றவில்லை. ‘தாண்டும்’ என்று அனுப்பிவிட்டேன். நெஞ்சில் ஒரு நிமிர்வு இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

எங்கள் கைமாரித் திட்டில், தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் கொபாத் சாச்சா பள்ளிவாசல் மைக்கில் உடனே சொல்லிவிட்டாராம். ரெஸ்வான் போனில் கூப்பிட்டார்: "நூத்திப் பன்னெண்டு வீடும் பிரியுது ஷாஹி. சத்தத்தைக் கேளு." போனை உயர்த்திப் பிடித்தார். இரும்பு இரும்பைத் திருகும் சத்தம். மழைச் சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

ஜூலை 9

தண்ணீர் வரவில்லை. கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

கடிதம் நேற்று மாலைதான் வந்தது. மலையில் மழை விட்டதால் பாதிக் கதவை மூடிவிட்டார்கள் என்று. நல்ல செய்தி. நல்ல செய்திதானே?

ஜூலை 11

முறை முடிந்து வந்தேன். வீட்டுக்கு அல்ல, கரைக்கு. எல்லோரும் கரைமேட்டில் தார்ப்பாய்க்குக் கீழே. வீடு பக்கத்தில் தகரக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறது. தூபாவுக்கு இருமல். மூச்சு இழுக்கிறதா என்று இரவெல்லாம் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படகு சாய்ந்ததில் பாபியின் இரண்டு ஆடும் போய்விட்டன. கடலை மூட்டைகளை மழையில் ஏற்றி இறக்கியதில் நனைந்து, பிரித்தால் உள்ளே எல்லாம் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருக்கிறது. ரெஸ்வான் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தார். "நல்ல விதை. இவ்வளவு சுறுசுறுப்பு என்கிட்ட இருந்திருக்கலாம்" என்றார். எனக்காகத்தான் சிரித்தார் என்று தெரியும்.

பாபி சிரிக்கவில்லை. எல்லோரும் கேட்கும்படி: "எங்கடி உன் தண்ணி? ஆபீஸ்லயே மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?"

தார்ப்பாய்களுக்குக் கீழே சிரிப்பு ஓடியது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. நான் தூபாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேவையே இல்லாமல் மறுபடி மறுபடி துடைத்தேன்.

கொபாத் சாச்சா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கேளு மா. இவங்க என் பாங்குக்கே பாதிப் பேருதான் வர்றாங்க. உன் பேச்சை நம்பி முழுசா வந்தாங்க. அதைக் கெடுத்துக்காதே. இனிமே ‘தாண்டும்’னு அனுப்பினா வீட்டைப் பிரிப்போம். ‘தாண்டலாம்’னு அனுப்பினா போர்த்திக்கிட்டுப் படுப்போம். நடுவுல நின்னு ஆட்டி வைக்காதே."

ஜூலை 14

அது சட்டமாகிவிட்டது. டீக்கடையில் பையன்கள் பாட்டாகப் பாடுகிறார்கள். ‘உம்’முன்னா பிரி, ‘லாம்’முன்னா படு.

மக்சூத் சார் கூப்பிட்டார். எங்கள் ஆபீசின் பொறியாளர், நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். திட்டுகளிலிருந்து புகார் போயிருக்கிறது. "உன்னைத் தப்பு சொல்லலை மா. ஆனா கடிதம் கையில வராம இனிமே ‘தாண்டும்’ கிடையாது. ‘தாண்டலாம்’ போடு. தண்ணி வந்தா நாம சொல்லியாச்சு. வரலைன்னா நாம உறுதியா சொல்லலை. ‘லாம்’ மேல யாரும் பழி போட முடியாது."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு மனசு லேசானதுகூட உண்மை.

ஆகஸ்ட் 3

இந்தப் பருவத்தில் இதுவரை ஒன்பது ‘லாம்’. யாரும் அசையவில்லை. தண்ணீரும் வரவில்லை.

முறைக்குக் கிளம்பும்போது தூபா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மா, நீ மூணு நாள்ல வருவியா? வரலாமா?"

மொனிரா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இடுப்பில் தூபாவை ஏற்றிக்கொண்டு படகுத்துறை வரை வந்தாள். பெரிய மனுஷி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறாள்.

ஆகஸ்ட் 26

கனவில் நான் எண் எழுதிக்கொண்டே இருக்கிறேன், காகிதம் நனைந்து நனைந்து கரைகிறது. விழித்து, தூங்குகிற தூபாவின் காலைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது.

பாபி இன்று சேப்பந்தண்டும் கருவாடும் இடித்த ஷிதல் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். ஆடுகள் போனதற்குப் பிறகு முதல் முறை. மொனிராவிடம் சொல்லியனுப்பிய செய்தி: "உம். இது காரமா இருக்கும். ‘லாம்’ கிடையாது." ரெஸ்வான் அதைக் கேட்டுச் சோறு புரையேறச் சிரித்தார். தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து — நல்ல நாள்.

செப்டம்பர் 24

வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளை யாராவது கேட்டால்.

யார் கேட்பார்கள்.

3.20. சுபிமல் பாபு. குரலில் கிண்டல் இல்லை. "திதி, எல்லாக் கதவையும் தூக்கிட்டாங்க. மலையில பேய்மழை. தேக்கி வெச்சா அணையே நிக்காது. கடிதம் கையெழுத்துக்குப் போயிருக்கு, வர ரெண்டு மூணு மணி நேரம் ஆகும். நான் சொல்லலை, நீங்க கேக்கலை. ஆனா திதி, இந்தத் தடவை நிஜம்."

தண்ணீர் எங்கள் திட்டுக்கு வர ஐந்தாறு மணி நேரம். கடிதத்துக்கு மூன்று போனால் மிச்சம் இரண்டோ மூன்றோ. வீடு பிரிக்க இரண்டு. இருட்டில் மூன்று. கணக்கு எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும்.

3.31. மக்சூத் சார் ரங்பூரில் கூட்டத்தில் இருந்தார். வெளியே வந்து பேசினார்.
"கடிதம் வந்துச்சா?"
"இல்ல சார். ஆனா சுபிமல் பாபு..."
"ஜூலையிலயும் சுபிமல் பாபுதான் சொன்னாரு." பிறகு மெதுவாக, "லாம் போடு மா. கடிதம் வந்ததும் மாத்திக்கலாம்."

3.47. முதலில் ‘தாண்டும்’ என்றுதான் அடித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு ஆடு. முளைத்த கடலை. தார்ப்பாய்க்குக் கீழே ஓடிய சிரிப்பு. அழித்தேன். ‘தாண்டலாம்’ என்று அடித்து அனுப்பினேன். சார் சொன்னார் என்பது உண்மை. அழுத்தியது என் விரல்.

3.52. பதிவேட்டில் நேரம் குறிக்கப் பேனாவுக்காகப் பைக்குள் கை விட்டேன். கிழிந்த உள்துணிக்குள் ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. நட்டு. ஜூனில் காணாமல் போனது. மூன்று மாதமாக என்னோடுதான் ஆபீசுக்கு வந்து போயிருக்கிறது. தூபாதான் போட்டிருக்கிறாள். வீட்டிலிருந்து ஒரு துண்டை எனக்கென்று.

ரெஸ்வானைக் கூப்பிட்டேன்.

"தூபாவைத் தூக்கிட்டுக் கரைக்குப் போங்க. இப்பவே. வீட்டை விடுங்க."
"லாம்னுதானே வந்திருக்கு?"
"அது ஊருக்கு."

அவருக்குப் பின்னால் தூபா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"ஊருன்னா யாரு ஷாஹி? பாபி ஊரா? கொபாத் சாச்சா ஊரா?"
"எனக்குத் தெரியாது. தண்ணி வரும். போங்க."

இது போதுமா? இல்லை. அப்போதே இன்னொரு செய்தி அனுப்பியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். கடிதம் வரட்டும், கடிதம் வரட்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டு —

5.05. அவரே கூப்பிட்டார். தூபாவைக் கரையில் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் விட்டுவிட்டாராம். திட்டுக்குத் திரும்பிப் போகிறாராம். போகாதீங்க என்றேன். கத்தினேன். "சும்மா உக்காந்துக்கிட்டு இருக்க முடியலை. பாதிப் பேராவது கேப்பாங்க. ராத்திரிக்குள்ள வந்துடுவேன்." நான் அழுவது கேட்டிருக்க வேண்டும். "லாம் இல்ல ஷாஹி, உம்" என்றார்.

6.24. கடிதம். 6.26. ‘தாண்டும்.’

8.40க்குப் பிறகு கைமாரியில் எந்த போனுக்கும் அழைப்பு போகவில்லை.

இப்போது மணி இரண்டு. இங்கே மழை இல்லை. வானம் முழுக்க நட்சத்திரம். இவ்வளவு தெளிவான வானத்துக்குக் கீழே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் 25

தூபா என் மடியில். வாத்தியார் வீட்டில் அவலும் வெல்லமும் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறாள். ஒன்றும் அறியாமல் கேட்கிறாள்: அப்பா ஸ்பானரை எடுத்துட்டுப் போனாரே, வீட்டைப் பிரிச்சு முடிச்சாச்சா?

ஆற்றில் திட்டு இருந்த இடத்தில் திட்டு இல்லை.

செப்டம்பர் 27

ஜொபேதா பாபியைப் பார்த்தேன். வாழைத்தண்டுத் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தவளை மூன்று ஊர் தள்ளி இழுத்துப் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கையெல்லாம் கிழிந்திருந்தது. மொனிரா இல்லை. தெப்பத்தில் ஏற்றியது நினைவிருக்கிறதாம். அதற்குப் பிறகு நினைவில்லையாம்.

அவள் அழவில்லை. பால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"நாலு மணி சுமாருக்கு உன் புருஷன் தூபாவைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்தான். மொனிராவையும் அனுப்புங்க பாபின்னான். நான் போனை எடுத்துக் காட்டினேன். இதோ பாரு தம்பி, உன் பொண்டாட்டி எழுதினது, லாம். படுக்கச் சொல்லியிருக்கா, நீ எதுக்கு ஓடுற? அவன் தூபாவை இறுக்கிக்கிட்டுத் துறைப் பக்கம் திரும்பினான். போயிட்டான். அப்புறம் திரும்பி வந்தான், தனியா. வீடு வீடாப் போனான். எல்லாரும் கேட்டாங்க, உனக்கு அவ என்ன சொன்னா? உம்னு சொன்னாள்னான். அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் லாம்? பசங்க சிரிச்சாங்க. புருஷனுக்கு ஒரு ஆறு, ஊருக்கு ஒரு ஆறான்னு. கொபாத் சாச்சாகிட்ட போய் மைக்குல சொல்லுங்கன்னான். அவரு, எழுத்துல லாம் இருக்கு, நான் எப்படி உம்னு சொல்றது, மறுபடியும் ஏமாத்தச் சொல்றியான்னாரு. அப்பத்தான் ஸ்பானரை எடுத்தான். யாரையும் கேக்காம என் வீட்டுச் சுவத்துல ஏறிக் கழட்ட ஆரம்பிச்சான். நான் திட்டினேன். கழட்டிக்கிட்டே இருந்தான்."

கிழிந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு: "ரெண்டாவது செய்தி வந்தப்ப மூணு சுவரு கீழ இறங்கியிருந்துச்சு. என் வீடு மட்டும்தான். அதை விட்டுட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 28

ரெஸ்வான் கிடைத்துவிட்டார். பதினேழு கிலோமீட்டர் கீழே, மணல் மேட்டில். ஸ்பானர் இடுப்பில் செருகியபடியே இருந்தது.

செப்டம்பர் 29

ஜனாஸா, அடக்கத்துக்கு முந்திய தொழுகை. கைமாரியில் மட்டும் பதினொரு பேர். கொபாத் சாச்சாவால் தொழவைக்க முடியவில்லை. வேறு ஒருவர் வந்தார்.

அக்டோபர் 3

அறிக்கை தயார். நாங்கள் தங்கியிருக்கும் வாத்தியார் வீட்டுக்கே சார் கொண்டுவந்தார். உட்காரவில்லை. அதில் ஒரு வரி: ‘முதல் எச்சரிக்கை மாலை 3.47க்கே, அதிகாரபூர்வக் கடிதம் வருவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே, அனுப்பப்பட்டது.’ ஒவ்வொரு சொல்லும் உண்மை.

"உன் வேலை போகக் கூடாது மா. பிள்ளை இருக்கு" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. அவரும் தூங்கவில்லை என்று தெரிந்தது.

கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 6

சுபிமல் பாபு கூப்பிட்டார். எண் சொல்ல அல்ல. தண்ணீர் இறங்கிவிட்டது, சொல்ல எண் எதுவும் இல்லை.

"திதி, உங்க பாப்பா?"
"இருக்கா."
"உங்க..."
"இல்ல."

அவர் பக்கத்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. "நான் சொல்லலை, நீங்க கேக்கலைன்னு சொன்னேனே, அது எனக்குத் தூக்கம் வர விடலை. எழுதிடுங்க திதி. என் பேரைப் போட்டே எழுதுங்க. மூணு மணிக்கு முன்னாடியே சொன்னேன்னு. இங்க என்னை என்ன பண்ணினாலும் சரி. ரெண்டு ஆபீசுக்கு நடுவுல ஒரு காயிதம் நடந்து வர்றதுக்குள்ள ஆறு ஓடி வந்துருச்சே."

அவர் கணக்கில் 2.50. என் கணக்கில் 3.20. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 7

அறிக்கையைத் திருப்பி வாங்கி, கையெழுத்துக்குக் கீழே நாலு வரி சேர்த்தேன். 3.20க்கே எனக்குத் தெரியும் என்று. 3.47க்கு ‘லாம்’ என்று அனுப்பினேன், அது திட்டில் படுத்துக்கொள்ளச் சொல்லும் சொல் என்று தெரிந்தே அனுப்பினேன் என்று. 3.52க்கு என் கணவருக்கு மட்டும் ‘வரும்’ என்று சொன்னேன் என்று.

மக்சூத் சார் படித்தார். "இது யாருக்கு உதவும்?" என்றார்.

தெரியவில்லை.

நவம்பர் 3

நாற்பதாம் நாள் ஓதல். கரைமேட்டில் தார்ப்பாய் போட்டுக் கிச்சடி ஆக்கினோம். பாபிக்கு நானே தட்டு எடுத்துப் போனேன். அறிக்கையில் எழுதியதைச் சொன்னேன். எல்லாவற்றையும். ‘அது ஊருக்கு’ என்று நான் சொன்னதையும். அதை மட்டும் அறிக்கையில் எழுதியிருக்கவில்லை.

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"மொனிரா ஊரா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

டிசம்பர் 31

வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதம் ஒரே நாளில் வந்து சேர்ந்தது.

பிப்ரவரி 17

ஆறு வற்றிக் கிடக்கிறது. நடந்தே தாண்டலாம். இந்தச் சொல்லை எழுதும்போது பேனா நிற்கிறது.

பழைய இடத்துக்கு வடக்கே புதிதாக மணல் மேடு எழும்பியிருக்கிறது. பிழைத்தவர்கள் அங்கே போகிறார்கள். அதற்கும் கைமாரி என்றே பேர். அம்மா வீட்டுக்கு வந்துவிடு என்று அண்ணன் சொல்கிறான். நான் புது வீட்டுக்குத் தகரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கடலை போட ரெஸ்வானின் பங்கு நிலம் அங்கே இருக்கிறது என்று ஒரு காரணம் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9

புது வீடு நின்றுவிட்டது. நாலு சுவர், இரண்டு கூரை. கொபாத் சாச்சாவும் வாத்தியாரும் முடுக்கிக் கொடுத்தார்கள். நாற்பத்தாறும் சரியாக இருந்தது. பழைய நட்டு ஒன்று மட்டும் உபரி. தூபாவின் இடுப்புக் கயிற்றில் தாயத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

அடுத்த வீடு பாபியுடையது. அவளாக இடம் தேர்ந்தெடுத்தாளா, அமைந்ததா தெரியவில்லை. பேசுவதில்லை. தூபா வேலியைத் தாண்டி ஓடினால் துரத்துவதும் இல்லை.

மே 21

பாபி வீட்டிலிருந்து தூபா தலை பின்னிக்கொண்டு வந்திருக்கிறாள். மொனிரா பின்னுவது போலவே, ஒரு பக்கம் சாய்த்து. அவளிடம் கற்றவளா பாபி, பாபியிடம் கற்றவளா அவள்? கேட்கவில்லை. அவிழ்க்காமல் அப்படியே தூங்கவைத்தேன்.

ஜூன் 27

படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோடு ஆடுகிறது.

இன்று காலை பத்தரைக்குப் போனில் செய்தி வந்தது. என் இடத்தில் இப்போது யாரோ ஒரு புதுப் பெண். அவள் பேர்கூடத் தெரியாது. ‘அடுத்த பன்னிரண்டு மணி நேரத்தில் நீர் சிவப்புக் கோட்டைத் தாண்டலாம்.’

அவள் பக்கத்தில் யார் நின்றார்கள், எந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிறாள், எதை அடித்து எதை அழித்தாள்?

வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. திட்டில் எல்லோரும் செய்தியைப் பார்த்துவிட்டுப் போனைச் செருகிக்கொண்டார்கள். நான் ரெஸ்வானின் ஸ்பானரை எடுத்து, கிழக்குச் சுவரில் ஏறினேன். தூபா கீழே முறத்தோடு உட்கார்ந்தாள். "ஒண்ணு" என்றாள்.

டீக்கடைப் பக்கமிருந்து யாரோ, "என்ன ஆபா, லாம்தானே?" என்று குரல் கொடுத்தார்கள். தூபா "ஏழு" என்றாள்.

பாபி வாசலில் வந்து நின்றாள். கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். நான் கழற்றிக்கொண்டே இருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. பிறகு உள்ளே போய்விட்டாள்.

இருபத்துமூன்றில் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், இரும்பை இரும்பு திருகும் சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அதற்கு அடுத்த வீட்டில். அப்புறம் பள்ளிவாசல் பக்கம் இரண்டு மூன்று. மைக்கில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

தூபா நாற்பத்தாறு வரை வந்தாள். வீடு தகரக் கட்டாக மணலில் கிடந்தது. வழக்கமாக அடுத்துச் சொல்லும் ‘வீடு’ வரவில்லை. சட்டையைத் தூக்கி, இடுப்புக் கயிற்றில் இருந்த பழைய நட்டை விரலால் தொட்டு, "நாப்பத்தேழு" என்றாள்.